பேச்சு வைத்தியம்

உளநோய்க்குரிய சிகிச்சைகளுள் மொழியாசிரியனாகிய என்னைப் பெரிதும் கவர்வது பேச்சினாற் செய்யப்படுவதே. அதற்குப் பெயரிட்டவர் வைத்தியரல்லர், நோயாளியே.

வியன்னா நகரத்துப் பேர்தா பப்பன்கைம் என்னும் நங்கை, 1880 ஆம் ஆண்டில் நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துவந்த காலத்திலே தாமும் நோய்வாய்ப்பட்டார். உறுப்புக்கள் மரத்தன. தாய்மொழியாகிய ஜேர்மன் மறந்துபோக, ஆங்கிலத்திலேயே பேசலாயினார். (இதனை நம் நாட்டில் நோயென்பாரிலர்!) கடுந்தாகமிருந்தும் ஆறு வாரமளவும் நீர் பருக இயலவில்லை. ஒருநாள் அறிதுயிலொத்த மயக்கத்தில், தோழியொருத்தியின் நாய் கிண்ணத்திலே நீர் குடிக்கக் கண்டு அருவருத்ததையும், மரியாதை கருதி வாளாவிருந்ததையும் சினந்து கூறினார். கூறி முடித்ததும் நீர் கேட்டுப் பருகினார். இம்முறையையே அவர் ஆங்கிலத்திற் 'பேச்சு வைத்தியம்' என்றார். வேடிக்கையாகப் 'புகைபோக்கி துடைத்தல்' என்றும் சொல்வாராம்.

வைத்தியர் யோசெப் புரொயரும் சிக்மண்ட் புரொய்ட்டும் 1895 இல் வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ' என்னும் புனைபெயரோடு இச்சரிதம் இடம்பெற்றது. அவர் தேறிய கதையை நூல் எடுத்துரைத்தது. 1882 இற் சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே சுவிற்சர்லாந்து ஆரோக்கிய நிலையமொன்றிற் சேர்க்கப்பட்டதைச் சொல்லாது விட்டது. நம்மவரும் நாய்க்கதையோடு நிறுத்திவிடுகின்றனர். அது நோயாளருக்கு இழைக்கும் அநீதி. ஒருமுறை மனந்திறந்தால் யாவுந் தீருமென நம்பி வந்து, தீராதபோது தம்மையே நொந்துகொள்வார் எத்தனை பேர்!

பேர்தா தேறியது ஆண்டுகள் பல சென்றபின்னரே. 1904 இல் ஜேர்மனியிலே யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, ஆதரவற்ற பெண்களுக்காக உழைத்து, 1936 இல் மறைந்தார். 'அன்னா ஓ' அவரே என்பதை 1953 இல் புரொய்ட்டின் சரித்திரத்தை எழுதிய ஏர்னஸ்ட் ஜோன்ஸ் வெளியிட்டார். அந்நோய்க்காலம் பற்றி அவர் வாய்திறந்ததில்லை என்பர்.