போர்ட், ஹாபர், துறைமுகம்: ஒலுவிற் கரையை முன்வைத்து ஒரு சொற்பொருள் நோக்கு

ஆங்கிலத்திற் பெருவழக்குடைய பெயர்ச்சொற்களுள் ‘போர்ட்’ என்பது ஒன்று. அதனோடு ஒட்டி வழங்குவது ‘ஹாபர்’. இவ்விரண்டையும் நாம் ‘துறைமுகம்’ என்னும் ஒரே சொல்லாற் பெயர்த்து வருகின்றோம். இவ்வழக்கம் நீண்டகாலம் எவருக்கும் இடரின்றி நிலவிற்று. ஆயின் அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிற் கரையில் துறைமுகம் ஒன்று எழுந்த பின்னர், இவ்வொரு சொல்லுக்குள் வெவ்வேறு எதிர்பார்ப்புகள் அடங்கியிருந்தமை புலனாயிற்று. அச்சொற்களின் பொருட்பரப்பை ஒப்புநோக்கி, அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆங்கில வழக்கு

‘போர்ட்’ என ஒலிக்கும் ஆங்கிலச் சொல் உண்மையில் ஒன்றன்று. பல சொற்கள் ஓருருவிற் கூடியுள்ளன. கப்பல்கள் வந்து பண்டம் ஏற்றி இறக்கும் இடத்தைக் குறிக்கும் சொல், இலத்தீனின் ‘போர்ட்டுஸ்’ என்பதன் வழிவந்தது. கப்பலின் பக்கத்தே வெட்டப்பட்ட துளையையும் சாளரத்தையும் குறிப்பது, வாயில் எனப் பொருள்படும் ‘போர்ட்டா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இவ்விரு இலத்தீன் சொற்களும் ‘கடந்து செல்லுதல்’ என்னும் கருத்துடைய ஒரே வேரிற் பிறந்தவை என்பர் மொழிநூலார். கணினியிற் பிற கருவிகளை இணைக்கும் வாயிலுக்கும் இன்று அப்பெயரே வழங்குகின்றது.

கப்பலின் முன்புறத்தை நோக்கி நிற்பவனுக்கு இடப்புறமாக அமையும் பக்கமும் ‘போர்ட்’ எனப்படும். பழங்காலக் கலங்களிற் சுக்கான் துடுப்பு வலப்புறத்தில் இருந்தமையால், கரையோடு அணைவது இடப்புறமாயிற்று. அப்பக்கத்துக்கு முன்னர் வழங்கிய பெயர் வலப்பக்கத்தின் பெயரோடு ஒலியில் மயங்கியதால், பிரித்தானியக் கடற்படை 1844ஆம் ஆண்டில் அதனை நீக்கி ‘போர்ட்’ என்பதையே வழங்குமாறு பணித்தது. புயலிடை ஏவும் கட்டளை பிழைபடக் கேட்கப்படின் கலமே கெடும். சொல் மயக்கத்தால் உயிருக்குக் கேடு வரும் என்பதனைக் கடலோடிகள் நன்கு அறிந்திருந்தனர்.

இப்பெயர் கொண்ட மதுவகையோ போர்த்துக்கல் நாட்டின் ஒப்போர்ட்டோ நகரிலிருந்து ஏற்றுமதியானமையாற் பெயர் பெற்றது. அந்நகரின் பெயருக்கும் நாட்டின் பெயருக்கும் அடி, துறைமுகத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே. 1505ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த பறங்கியர், தம் நாட்டுப் பெயரிலேயே ஒரு துறைமுகத்தைச் சுமந்து வந்தனர் எனலாம்.

‘ஹாபர்’ என்பது பிறிதொரு மரபினது. படை தங்குமிடம் என்னும் பழைய ஜேர்மானியப் பொருளிலிருந்து, பொதுவாகப் புகலிடம் என விரிந்து, பின்னர்க் கலங்களின் புகலிடத்துக்கு அது சிறப்பாக உரித்தாயிற்று. வினைச்சொல்லாக வருங்கால், தப்பியோடியவனுக்கு இடமளித்தலையும் மனத்திற் பகையை வைத்திருத்தலையும் குறிக்கும். எனவே ஒன்று வாணிகத்தை முதன்மைப்படுத்துகின்றது. மற்றது காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்குதலை முதன்மைப்படுத்துகின்றது. புகலிடம் இருந்தும் வாணிகம் நடவாத இடங்கள் உள. வாணிகம் நடந்தும் இயற்கைப் புகலிடம் வாய்க்காத இடங்களும் உள.

2. தமிழில் ‘துறை’

தமிழில் ‘துறை’ என்பதன் முதற்பொருள், நீரில் இறங்குதற்கு வாய்ப்பான இடம் என்பதே. நீராடுதுறை, வண்ணான்துறை, ஓடத்துறை என ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் அது வழங்கும். கடற்கரையிலோ காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என ஊர்ப்பெயராக நிலைபெற்றது. கல்முனைக்கு அணித்தாய் வாவிக்கரையில் அமைந்த துறைநீலாவணையும் இச்சொல்லைத் தாங்கி நிற்கின்றது. சிங்களத்தில் ‘தொட்ட’ என்பது இதற்கு ஒத்த பொருளது. அம்பாந்தோட்டை என்னும் பெயரின் ஈற்றிற் காண்பது அதுவே.

இறங்கும் இடம் என்னும் இப்பொருள், ஒன்றனுள் நுழையும் வழி எனவும், வழியின் கிளை எனவும் விரிந்தது. தொல்காப்பியப் புறத்திணையியலில் திணையின் உட்பிரிவு துறையாகும். யாப்பிலே தாழிசை, துறை, விருத்தம் என்பன பாவினங்கள். கல்வியின் பிரிவும் துறையே. பல்கலைக்கழகத்திற் ‘தமிழ்த்துறை’ என்கின்றோம். தமிழ்நாட்டில் அரசின் நிருவாகப் பிரிவும் துறை எனப்படும். இலங்கையில் அதனைத் ‘திணைக்களம்’ என வழங்குகின்றோம்.

இவை யாவற்றுக்கும் பொதுவாய் நிற்பது, இறங்குவோர்க்கு இடந்தருதல் என்னும் கருத்தாகும். துறைக்குக் கட்டடம் இன்றியமையாததன்று. கரைவலைத் தோணியை மணலில் இழுத்து ஏற்றும் வெறுங்கரையும் துறையே.

3. ‘துறைமுகம்’ என்னும் தொடர்

துறையோடு முகம் சேர்ந்த தொடர் இது. முகம் என்பது ஈண்டு வாயிலைக் குறிக்கும். ஆறும் வாவியும் கடலொடு கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்னும் ஈழவழக்கும் இங்கு நினைக்கத்தக்கது. எனவே இறங்குமிடமும் கடலிலிருந்து உட்புகும் வாயிலும் ஒருங்கே அமைந்ததே துறைமுகம். இலத்தீனின் இரு சொற்களும் தமிழின் ஒரு தொடருக்குள் அடங்கின எனக் கொள்ளலாம்.

ஆயினும் வாணிகமா, புகலிடமா என்னும் வேறுபாட்டை இத்தொடர் தானாகக் காட்டுவதில்லை. இதன் விளைவை நம் நாட்டு நிறுவனப் பெயர்களிற் காணலாம். இலங்கைத் துறைமுகங்கள் அதிகாரசபை 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் ‘போர்ட்’ உள்ளது. 1972இல் தோன்றிய மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் ஆங்கிலப் பெயரில் ‘ஹாபர்’ உள்ளது. தமிழில் இரண்டும் துறைமுகமே. சிங்களத்திலும் இரண்டும் ‘வராய’ என்பதே. ‘மீன்பிடி’ என்னும் அடைமொழியை நீக்கிவிடின், எந்நிறுவனத்தின் பொறுப்பு எது என்பதைச் சொல் உணர்த்தாது.

4. ஒலுவில்: ஒரு சொல், மூன்று எதிர்பார்ப்புகள்

ஒலுவிலிற் துறைமுகம் அமைக்கும் எண்ணத்தை முன்னெடுத்தவர், 1994 முதல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக விளங்கிய எம். எச். எம். அஷ்ரப் ஆவார். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் உருப்பெற்றதும் அக்காலத்திலேயே. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் வானூர்தி விபத்தில் மறைந்தார். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் நாட்டிலேயே மிகுந்த உயிரிழப்பை விளைத்தது. அதன்பின் டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இற் கட்டுமானம் தொடங்கியது. 2013 செப்டெம்பர் முதலாம் நாள் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது.

அதன் திட்டத்தில் வர்த்தகக் கலங்களுக்கும் மீன்பிடிக் கலங்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. வர்த்தகத்தை எண்ணியோர், கண்டிக்கும் கொழும்புக்கும் சுற்றிச் செல்லும் சரக்கு நேரே கிழக்கில் வந்திறங்கும் என எதிர்பார்த்தனர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர், வாடைக்காலக் கொந்தளிப்பிற் படகுகளுக்கு ஒதுக்கிடம் கிடைக்கும் என எதிர்பார்த்தனர். ஒலுவிலின் கரைவலைத் தொழிலாளரோ புதிதாக ஒன்றும் வேண்டினாரல்லர். தோணி இழுக்கும் தம் பழந்துறை அவ்வாறே இருக்கும் என்பதே அவர்தம் நம்பிக்கை. முதலாவது ‘போர்ட்’, இரண்டாவது ‘ஹாபர்’, மூன்றாவது துறை. மூவரும் துறைமுகம் என்ற சொல்லையே ஆண்டனர்.

இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அலைகளால் நகர்த்தப்படுகின்றது. கடலினுள் நீண்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அவ்வோட்டத்தை மறித்தன. தென்புறத்திலும் வாயிலிலும் மணல் திரண்டது. மணல் வரவிழந்த வடபுறத்தைக் கடல் அரித்தது. தென்னை நின்ற நிலங்களும் தோணி இழுத்த கரையும் நீருள் மறைந்தன. வர்த்தகக் கப்பற் போக்குவரத்து அங்கே நிலைபெறவில்லை. மீன்பிடிக் கலங்கள் சில காலம் பயன்கொண்டன. பின்னர் வாயில் தூர்ந்து அவையும் இடர்ப்பட்டன.

2018ஆம் ஆண்டளவில், வாயிலைத் தூர்வார வேண்டும் எனப் படகு மீனவர் குரலெழுப்பினர். கடலரிப்புக்குத் தீர்வு காணாமல் துறைமுகப் பணிகளைத் தொடரலாகாது என ஒலுவிற் கரைவாழ்நர் குரலெழுப்பினர். அயலூரவரும் உறவினரும் ஆகிய மக்கள் எதிரெதிரே நின்ற இந்நிகழ்வை ஊர்ப்பகை என ஒதுக்குதல் பொருந்தாது. ஒரு சாரார்க்கு வேண்டியது முகம். மறுசாரார் இழந்தது துறை. இரண்டும் நியாயமான கோரிக்கைகளே.

5. முடிவுரை

மணல் திரண்டமைக்குச் சொல்லைக் குற்றங்கூறுதல் இயலாது. அது கடலோட்டத்தின் வழியது. எனினும் யார் எதனை எதிர்பார்த்தார், யார் எதனை இழந்தார் எனக் கணக்கிடுங்கால் சொல்லின் தெளிவு இன்றியமையாதது. நிலம் இழந்தவர்க்கு உறுதியும் வரைபடமும் சான்றாகும். கரைவலை இழுத்த வெறுங்கரைக்கு அவ்வாறான சான்று அரிது; அதற்கு ஒரு பெயராவது ஆவணத்தில் இருத்தல் வேண்டும்.

ஆதலின் அறிக்கைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் பின்வரும் வேறுபாட்டைப் பேணுதல் நன்று எனக் கருதுகின்றோம். சரக்குக் கப்பல்களுக்கு உரியது வர்த்தகத் துறைமுகம். மீன்பிடிக் கலங்களின் புகலிடம் மீன்பிடித் துறைமுகம். கட்டுமானம் இன்றிக் கலம் நங்கூரமிடும் இடம் நங்கூரத்தளம். தோணி ஏற்றும் கரை இறங்குதுறை. இவை புதுச்சொற்கள் அல்ல. நம் மக்களிடமும் அலுவலகங்களிலும் முன்னரே வழங்குவன. அவற்றை உரிய இடத்தில் ஆளின், ஒலுவில் பற்றி இனி நிகழும் உரையாடலில் ‘துறைமுகம்’ என்று கூறுவோரிடம் ‘எத்துறைமுகம், எவர்க்கு?’ என வினவுதற்கேனும் வழி பிறக்கும்.