புயல் நாளில் பிள்ளைகளுக்கும் ஒரு பொறுப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவின் கடலோரக் கிராமங்களில் வானிலை அறிக்கைக்குக் காது கொடுக்காத வீடு இராது. 1977 நவம்பர் 12-ல் நாகைக்குத் தெற்கே கரை கடந்த புயலை முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2018 நவம்பர் 16-ல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலைச் சிறுவர்களும் அறிவார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் அன்று சாய்ந்த தென்னைகள் லட்சக்கணக்கில். நெட்டை இரகக் கன்றை இன்று நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும்.

இவ்விரு புயல்களும் பொழுது விடியுமுன் கரை கடந்தவை. மின்சாரம் நின்ற இருட்டில் மாட்டை அவிழ்க்கவும் பட்டாவைத் தேடவும் முடியாது. எல்லா வேலையும் முதல் நாள் பகலிலேயே முடிய வேண்டும். சிறு விவசாயிக்கு அன்று கூலி ஆள் கிடைப்பதும் அரிது. ஆகவே வீட்டுப் பிள்ளைகளின் உதவி தேவை. ஆனால் பல வீடுகளில் அவர்களை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அல்லது காற்று முற்றிய பிறகு ஆட்டைப் பிடித்து வர அனுப்புகிறார்கள். இரண்டும் தவறு.

பழக்கியதன் பலன்

பிள்ளைகளை முன்கூட்டியே பழக்கினால் என்ன பயன் என்பதை ஜப்பானின் கமைஷி நகரம் காட்டியது. 2011 மார்ச் 11-ல் நிலம் நடுங்கியதும், பள்ளியில் பயிற்சி பெற்றிருந்த நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களுடன் சேர்ந்தார்கள். முதலில் குறித்திருந்த இடம் போதாது என்று கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். பின்னர் அந்த முதல் இடத்தையும் ஆழிப்பேரலை மூடியது. அன்று அவ்விரு பள்ளிகளிலும் இருந்த பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள். அவர்கள் ஓடுவதைக் கண்டு பெரியவர்கள் பலரும் ஓடித் தப்பினார்கள்.

சிறுவர்களுக்கு ஏற்ற வேலைகள்

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மழை அளக்கும் வேலையைத் தரலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அடிக்கோலால் நீரின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதச் சொல்லலாம். டப்பாவில் 100 மில்லி மீட்டர் நின்றால், ஒரு ஏக்கரில் சுமார் நான்கு லட்சம் லிட்டர் நீர் விழுந்திருக்கிறது என்று பொருள். வடிகாலை எப்போது வெட்டிவிடுவது என்பதற்கு இந்தக் கணக்கு உதவும்.

பட்டா எண், புல எண், வங்கிக் கணக்கு எண், பயிர்க் காப்பீட்டு ரசீது எண், கால்நடைகளின் காது வில்லை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அசல் பத்திரங்களோடு பாலிதீன் உறையில் கட்டி வைப்பதும் பிள்ளைகளால் ஆகக்கூடியதே. விதை நெல்லை உயரத்தில் ஏற்றியாயிற்றா, டார்ச் விளக்கு எரிகிறதா, குடிநீர் நிரப்பியாயிற்றா என்று கேட்டுக் குறியிடும் பொறுப்பையும் அவர்களுக்கே விடலாம்.

இளைஞர்களின் பங்கு

பதினெட்டு வயது கடந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து, முதியோரும் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளின் பட்டியலை எழுதி, யார் யாரை முகாமுக்கு அழைத்துச் செல்வது என்று முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். வடிகால் வாய்க்காலில் அடைத்துள்ள ஆகாயத் தாமரையைப் புரட்டாசியிலேயே அகற்றலாம். புயல் எச்சரிக்கை வந்ததும், காற்று எழுவதற்கு முன், மரமேறத் தெரிந்தவர்களைக் கொண்டு தென்னையின் முற்றிய காய்களையும் அடி மட்டைகளையும் இறக்கினால் மரத்தின் தலைப்பாரம் குறையும். வாழைக்கு முட்டுக் கொடுக்கலாம். மாடுகளை மேட்டுக்கு ஓட்டி, உலர்ந்த வைக்கோலையும் அங்கே சேர்க்கலாம். பயிரைப் புயலுக்கு முன்னும் பின்னும் கைபேசியில் படம் பிடித்து வைத்தால் நிவாரணம் கோரும்போது கைகொடுக்கும்.

செய்யக் கூடாதவை

காற்று வீசத் தொடங்கிய பின் எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பக் கூடாது. பேய்க்காற்று திடீரென்று அடங்கினால் புயல் ஓய்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. புயலின் கண் ஊரைக் கடக்கும்போது அப்படித்தான் அமைதி தோன்றும். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும். தேங்காய் பொறுக்க ஓடும் சிறுவர்களுக்கு இதை முன்பே சொல்லி வைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின் கம்பியை நெருங்காமல் பெரியவர்களிடம் தெரிவிக்கவும், வெள்ளம் ஓடும் வாய்க்காலில் இறங்காதிருக்கவும் பழக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற தொலைபேசி எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக வேண்டும்.

இவை வாயால் சொல்வதால் மட்டும் படியாது. மழை வலுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எச்சரிக்கை வந்ததாகவே வைத்துக்கொண்டு, வீட்டார் அனைவரும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். மாட்டை அவிழ்ப்பது முதல் பத்திரப் பையுடன் முகாம் வாசலை அடைவது வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று பிள்ளையே கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும். எங்கே தாமதமாகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். புயல் வருமுன் அதைச் சரிசெய்துகொள்ளலாம். தோப்பு போனாலும் மறுபடி நட்டு வளர்க்கலாம். பிள்ளைகளின் உயிர் அப்படியல்ல.