சதர்க்கின் இரு விடுதிகள்

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள சதர்க்கில், ஜார்ஜ் என்னும் பழைய மது விடுதி இன்றும் உண்டு. டிக்கன்ஸ் தம் நாவலொன்றில் அதனைக் குறிப்பிடுகிறார். அதனருகே முன்னாளில் டாபர்டு விடுதி இருந்தது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர், 'கான்டர்பரி கதைகள்' நூலில் தம் யாத்திரிகர்களை ஒன்றுகூட்டிய இடம் அதுவே.

1676-இல் மூண்ட தீ இரண்டையும் அழித்தது, இரண்டும் மீண்டெழுந்தன. பின்னர் ரயில் வந்தது. குதிரை வண்டிப் பயணம் ஓய்ந்தது. விடுதிகள் வருவாய் இழந்தன. பெரும்புகழ் வாய்ந்த டாபர்டு 1870-களில் இடிக்கப்பட்டது. ஜார்ஜின் இரு பக்கங்கள் 1889-இல் தகர்க்கப்பட்டன. எஞ்சிய ஒரு பக்கம் 1937-இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பின் வசமாயிற்று, அதனால் பிழைத்தது.

இலக்கியப் புகழ் மட்டுமே ஒரு கட்டடத்தைக் காத்துவிடாது. காக்கும் மனிதரும் வேண்டும். இவ்விரு விடுதிகளிடம் நான் கற்கும் பாடம் இதுவே.