காவலும் காப்பும்: திருவனந்தபுரத்தில் சிறார் நீதி முறை

திருவனந்தபுரம் நகரின் பூஜப்புரா பகுதியில் இருவகை அரசு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில், 1886ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மத்தியச் சிறை. மற்றொன்று, 18 வயது நிறையாத சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லமும் சிறப்பு இல்லமும். இடத்தால் இவை அண்மையில் இருப்பினும், சட்டத்தின் நோக்கால் வெகு தொலைவில் நிற்பவை. முன்னது தண்டனையை நிறைவேற்றும் இடம். பின்னதோ, தவறிய குழந்தையைத் திரும்பவும் வீட்டிற்கும் பள்ளிக்கும் அனுப்பி வைப்பதற்காக ஏற்பட்டது. இந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வாறு பேணப்படுகிறது, இந்த அமைப்பின் பயன் யாரைச் சென்றடைகிறது என்பவற்றை அறிந்துகொள்வது குடிமக்கள் அனைவருக்கும், குறிப்பாக ஆட்சிப் பணியில் இருப்போருக்கும் இன்றியமையாதது.

பெயர் மாற்றமும் கருத்து மாற்றமும்

இத்தகைய நிறுவனங்களுக்கு மலையாளத்தில் ‘துர்க்குண பரிஹார பாடசாலை’ என்ற பெயர் நெடுங்காலம் வழங்கி வந்தது. தமிழில் ‘சீர்திருத்தப் பள்ளி’ என்றனர். குழந்தையிடம் தீய குணம் குடிகொண்டுள்ளது, அதைக் களைவதே அரசின் கடமை என்பது இப்பெயர்களில் அடங்கிய கருத்து. பிரிட்டிஷ் இந்தியாவில் 1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும், 1876, 1897ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்களும் இக்கருத்தை ஒட்டியே இயற்றப்பட்டன. 1919–20ஆம் ஆண்டின் இந்தியச் சிறைக் குழு, குழந்தைகளைப் பெரியோரின் நீதிமன்றங்களிலிருந்தும் சிறைகளிலிருந்தும் பிரிக்க வேண்டுமென வலியுறுத்தியது. அதன் விளைவாக 1920இல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் பிறந்தது; நாட்டிலேயே இத்துறையில் இதுவே முதலாவது. வங்காளமும் பம்பாயும் 1922, 1924ஆம் ஆண்டுகளில் இதைப் பின்பற்றின. கேரள மாநிலம் 1972இல் தனது குழந்தைகள் சட்டத்தை இயற்றியது.

மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்ட இந்நிலையை 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் மாற்றியது. எனினும், அச்சட்டத்தில் சிறுவர்களுக்கு 16 வயதும் சிறுமியருக்கு 18 வயதும் வரம்பாக இருந்தன. குழந்தைகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட பின், 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலருக்கும் 18 வயதையே வரம்பாக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். இது 2016 ஜனவரி 15 முதல் செயற்பட்டு வருகிறது. ‘குற்றவாளி’ என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை. ‘சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை’ என்பதே சட்டம் ஆளும் தொடர். கைது, விசாரணைக் கைதி, குற்றப்பத்திரிகை போன்ற குற்றஞ்சாட்டும் சொற்களைக் குழந்தையைப் பொறுத்தவரை தவிர்க்க வேண்டுமென்பதும் இதன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் எதுவும் இந்தியச் சட்டத்தில் குற்றமாகாது. ஏழுக்கும் பன்னிரண்டிற்கும் இடைப்பட்ட வயதினர், தம் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெற்றிருந்தாலன்றி, பொறுப்பாளர் ஆகார். எனவே, சிறார் நீதி முறை பெரும்பாலும் பன்னிரண்டைக் கடந்த வளரிளம் பருவத்தினரைப் பற்றியதாகும்.

ஒரு சிறுவன் பிடிபட்டால், அவனைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ, காவல் நிலையத்தில் இதற்கென நியமிக்கப்பட்ட குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ உடனே ஒப்படைக்க வேண்டும். காவல் நிலையப் பூட்டறையிலோ பெரியோர் சிறையிலோ அவனை வைத்தல் கூடாது. பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவனை நிறுத்த வேண்டும். கொடுங்குற்றமோ, பெரியோருடன் சேர்ந்து செய்ததாகக் கூறப்படும் குற்றமோ அல்லாதவற்றில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யாமல், நாட்குறிப்பில் எழுதி, குழந்தையின் சமூகப் பின்னணி அறிக்கையுடன் அனுப்பினால் போதுமென 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன.

வயது குறித்து ஐயம் எழுந்தால் முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது தேர்வு வாரியச் சான்றிதழ், அது இல்லாதபோது உள்ளாட்சி மன்றத்தின் பிறப்புச் சான்றிதழ், இவை இரண்டும் கிடைக்காத நிலையில் மட்டும் எலும்பு முதிர்வு போன்ற மருத்துவச் சோதனை என்று சட்டம் வரிசைப்படுத்தியுள்ளது. சிறிய செய்தியாகத் தோன்றினும், ஒரு சிறுவன் இல்லத்திற்குச் செல்வதா, சிறைக்குச் செல்வதா என்பதை ஒரு சான்றிதழே முடிவு செய்துவிடக்கூடும். பள்ளியை இடையில் விட்டவனும் பிறப்பைப் பதிவு செய்யாத குடும்பத்தின் மகனும் இங்கேயே இடருக்கு உள்ளாகின்றனர்.

நீதிக் குழுமத்தின் பணி

கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் இளைஞர் நீதிக் குழுமங்கள் உள்ளன. ஒரு நீதித்துறை நடுவரும், இரு சமூகப் பணியாளரும் குழுமத்தின் உறுப்பினர். சமூகப் பணியாளருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். சட்ட அறிவும் சமூக அறிவும் ஒருங்கே அமர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இவ்வமைப்பின் உட்கருத்து.

குழுமத்தின் முன் வரும் குழந்தைக்குப் பிணை வழங்குவதே பொது விதி. குற்றம் பிணையில் விடத்தக்கதா, அல்லவா என்பது இங்குப் பொருட்டன்று. வெளியே விட்டால் குற்றவாளிகளின் தொடர்பு ஏற்படும், குழந்தைக்கு ஒழுக்கம், உடல், உள்ளம் ஆகியவற்றில் கேடு நேரும், அல்லது நீதியின் நோக்கம் பழுதுபடும் என்ற மூன்று காரணங்களுள் ஒன்று இருந்தால் மட்டுமே பிணை மறுக்கலாம். மறுப்பதற்கான காரணத்தையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பிணை நிபந்தனையை ஏழு நாட்களுக்குள் நிறைவேற்ற இயலாத குழந்தையை மீண்டும் குழுமத்தின் முன் கொணர்ந்து, நிபந்தனையையே மாற்றியமைக்க வேண்டும்.

விசாரணை நான்கு மாதங்களில் முடிய வேண்டும்; தேவையெனில் மேலும் இரண்டு மாதங்கள் நீட்டிக்கலாம். சிறு குற்றமாயின், அதற்குள் முடியாத விசாரணை அத்துடன் கைவிடப்படும். முடிவில் குழுமம் பிறப்பிக்கக்கூடிய ஆணைகள் பல. அறிவுரை கூறி அனுப்பலாம். குழு ஆலோசனைக்கு வரப் பணிக்கலாம். சமூகப் பணி செய்யச் சொல்லலாம். பெற்றோர் அபராதம் செலுத்த ஆணையிடலாம். பெற்றோரின் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லத்திற்கு அனுப்புவது இவ்வரிசையின் கடைசியில் நிற்பது. அங்கும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்தல் இயலாது. இல்லத்தின் வாயிலைச் சட்டம் வேண்டுமென்றே குறுகலாக அமைத்துள்ளது எனலாம்.

மூவகை இல்லங்கள்

விசாரணை நடைபெறும் காலத்தில் தங்க வைப்பதற்கு உரியது கூர்நோக்கு இல்லம். குழுமத்தின் இறுதி ஆணைப்படி மறுவாழ்வுப் பயிற்சி பெறுவதற்கு உரியது சிறப்பு இல்லம். 18 வயதைக் கடந்துவிட்டவர்களும், கொடுங்குற்றம் சுமத்தப்பட்ட 16 முதல் 18 வயது வரையுள்ளோரும் தங்குவதற்கு உரியது பாதுகாப்பிடம். எர்ணாகுளம் மாவட்டத்திலுள்ள போர்ஸ்டல் பள்ளி இவற்றினின்று வேறானது. அது 18 வயதைக் கடந்த இளங்குற்றவாளிகளுக்காக, 1961ஆம் ஆண்டின் கேரளச் சட்டத்தின்கீழ் சிறைத் துறையால் நடத்தப்படுவது. இல்லங்களோ, 2017இல் தனித் துறையாக உருவான மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் பொறுப்பில் உள்ளவை.

இல்லத்தில் குழந்தைகளை வயது, பால் ஆகியவற்றின்படியும், உடல், மன நிலையையும் குற்றத்தின் தன்மையையும் கருதியும் பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும்; கல்வி, தொழிற்பயிற்சி, உளநல ஆலோசனை, மருத்துவ வசதி ஆகியவை தரப்பட வேண்டும். குழுமம் மாதத்திற்கு ஒரு முறையேனும் இல்லங்களைப் பார்வையிட வேண்டும். மாநில அரசு அமைக்கும் ஆய்வுக் குழுக்கள் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் வந்து காண வேண்டும். ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் அக்குழுவில் இடம்பெற வேண்டும்.

இந்த மேற்பார்வை வெறும் சடங்காகிவிட்டால் நேரும் கேடு என்ன என்பதற்கு அண்டை மாநிலத்தில் சான்று உண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். அதன் பின்னர், தமிழ்நாட்டு இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. நாட்டின் முதல் குழந்தைகள் சட்டம் தோன்றிய நிலப்பகுதியிலேயே இது நேர்ந்தது என்பது, நல்ல சட்டம் மட்டும் போதாது என்பதை உணர்த்துகிறது.

கொடுங்குற்றங்களும் பதினாறு வயதும்

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் எழுந்த விவாதத்தின் பயனாக, 2015ஆம் ஆண்டின் சட்டம் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனையுடைய குற்றம், 16 வயது நிறைந்தவர் மீது சுமத்தப்படுமாயின், குழுமம் மூன்று மாதங்களுக்குள் முதனிலை மதிப்பீடு செய்ய வேண்டும். அவருடைய மன, உடல் ஆற்றல், விளைவை உணரும் திறன், செயல் நிகழ்ந்த சூழ்நிலை ஆகியவை ஆராயப்படும். அதன்பேரில் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்திற்கு மாற்றலாம். இம்மதிப்பீடு மிகுந்த நுட்பமும் உளவியல் வல்லுநர் துணையும் வேண்டுவது என உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. மாற்றப்பட்ட நிலையிலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையோ விதித்தல் ஆகாது. 21 வயது வரை சிறைக்கும் அனுப்பலாகாது.

பயன் பெறுவோர் யாவர்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, சிறார் மீது 2021இல் நாடெங்கும் பதிவான வழக்குகள் 31,170, 2022இல் 30,555. பிடிபட்டோருள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் 16 முதல் 18 வயது வரையுள்ளோர். பெற்றோருடன் வாழ்ந்து வந்தவர்களே இவர்களுள் மிகப் பெரும்பான்மையோர். வீடற்றோர் சிறு பகுதியினரே. ஆகவே, இது பெரும்பாலும் தெருவில் அலையும் அநாதைகளின் சிக்கல் என்ற பொதுக்கருத்து சரியன்று. வீடு இருந்தும், பள்ளி இருந்தும், இரண்டின் பிடியும் தளர்ந்துபோன வளரிளம் பருவத்தினரின் சிக்கலே இது.

பிணைக்கு வந்து நிற்கும் தந்தையும், அலுவலகப் படிகளை ஏறி இறங்கும் தாயும் உள்ள சிறுவன் விரைவில் வீடு திரும்புகிறான். அத்தகைய ஆதரவு இல்லாதவனே இல்லத்தில் தங்க நேரும் இடர் மிகுதி. வேற்று மாநிலத்திலிருந்து வேலை தேடி வந்த குடும்பத்தின் சிறுவனுக்கு மொழியும் தடையாகிறது. அவனுக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது குழுமத்தின் கடமை. இறுதி ஆணைக்குப் பின், அவனது நலனுக்கு ஏற்றதாயின், சொந்த மாவட்டத்தின் குழுமத்திற்கு மாற்றவும் சட்டம் இடமளிக்கிறது. குமரி மாவட்டத்தை எல்லையாகக் கொண்ட திருவனந்தபுரத்தில் இவ்விதிகள் தனிச் சிறப்புடையவை.

மதிலுக்கு வெளியே

சட்டம் பெரும்பாலான சிறார்களை வீட்டிற்கே அனுப்புகிறது என்றால், அவர்களுக்கான பணியும் வீட்டிலேயே தொடங்க வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து கேரள அரசு 2016இல் ‘காவல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரு தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன், தன்னார்வ அமைப்புகள் வாயிலாக நடைபெறும் இத்திட்டம் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவாயிற்று. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் சிறுவனின் வீட்டிற்குச் செல்கிறார், குடும்பத்தினருடன் பேசுகிறார், இடையில் நின்ற படிப்பைத் தொடரவோ தொழில் கற்கவோ வழி காண்கிறார், போதைப் பழக்கம் இருப்பின் மருத்துவ உதவியுடன் இணைக்கிறார். ‘காவல்’ என்ற சொல்லுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் அடைத்து வைத்தல், பாதுகாத்தல் என இரு பொருள் உண்டு. இத்திட்டம் இரண்டாம் பொருளைத் தேர்ந்துகொண்டது.

இல்லங்களையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளையும் தாங்கும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மைய அரசு 60 விழுக்காடும் கேரள அரசு 40 விழுக்காடும் செலவிடுகின்றன. கட்டடத்திற்கு ஆகும் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. நன்னடத்தை அலுவலரின் வீட்டு வருகை தெரிவதில்லை. ஆயினும், குழுமத்தின் முடிவு அவர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையைப் பெரிதும் சார்ந்தது. பணியிடங்கள் வெற்றிடமாக இருந்தாலும், அறிக்கை அச்சிட்ட படிவத்தை நிரப்புவதோடு நின்றாலும், சிறுவனின் வாழ்க்கையை அறியாமலேயே அவனைப் பற்றி முடிவெடுக்க நேரும்.

இறுதியாக, சட்டத்தின் அரிய கொடை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சிறார் நீதி முறையின்கீழ் நடவடிக்கைக்கு உள்ளான குழந்தை, குழந்தைகள் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்ட சில வழக்குகள் நீங்கலாக, பிற்காலத்தில் எத்தகுதியையும் இழப்பதில்லை. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அதன் ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும். பெயரையோ படத்தையோ வெளியிடுவது தண்டனைக்குரியது. சட்டம் மறந்துவிட ஆணையிட்டதை ஊரும் பள்ளியும் வேலை தருவோரும் நினைவில் வைத்திருந்தால், மறுவாழ்வு என்பது ஏட்டளவில் நின்றுவிடும். பூஜப்புரா இல்லத்தின் வெற்றியை அங்கு எத்தனை சிறுவர் தங்கினர் என்பதைக் கொண்டு அளத்தல் பொருந்தாது; அங்கிருந்து சென்றவருள் எத்தனை பேரைப் பள்ளியும் பணிமனையும் ஏற்றுக்கொண்டன என்பதே உரிய அளவுகோலாகும்.