விற்பனைக்கு வராத தட்டுகள்

பாடகர் பாடி முடித்த நாளுக்கும் இசைத்தட்டு கடைக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையே, பொதுமக்கள் கண்ணில் படாத சில தட்டுகள் உருவாகின்றன. பாடலைக் கேட்டுப் பார்ப்பதற்காக ஒன்று, அச்சு சரியாக வந்திருக்கிறதா என்று சோதிப்பதற்காகச் சில, வானொலி நிலையங்களுக்கு இலவசமாக அனுப்புவதற்காகச் சில நூறு என்று அவை செய்யப்படுவது வழக்கம். பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை இவை அலுவலகக் கழிவுகளாகவே முடிந்துபோயின. ஆனால் 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து வளர்ந்த சோல் இசையை வெளியிட்டு, ஓரிரு ஆண்டுகளில் மறைந்துபோன சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை, கணக்கேடுகளும் மூல நாடாக்களும் அழிந்த பிறகு எஞ்சியிருக்கும் ஆவணங்கள் பல வேளைகளில் இந்தத் தட்டுகள் மட்டுமே. அவற்றைத் தேடிச் சேகரிப்பவர்களின் உழைப்பை வெறும் பொழுதுபோக்காகக் கருத முடியாமைக்குக் காரணமும் இதுவே.

தட்டு உருவாகும் முறையை அறிந்தால்தான் இவற்றுக்கிடையிலான வேறுபாடு விளங்கும். காந்த நாடாவில் பதிவான பாடல், முதலில் அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுப் பூசப்பட்ட லாக்கர் தட்டில் வரித்தடமாக வெட்டப்படுகிறது. அந்த லாக்கரின் மேல் மெல்லிய வெள்ளிப் படலம் ஏற்றி, மின்முலாம் முறையில் நிக்கல் படியவைத்துப் பிரித்தெடுக்கும் உலோகத் தகட்டிலிருந்து, மேலும் ஒரு சுற்று முலாம் வேலைக்குப் பிறகு, ஸ்டாம்பர் எனப்படும் அச்சுத்தகடு கிடைக்கிறது. இரு பக்கங்களுக்கும் உரிய இரண்டு ஸ்டாம்பர்களைப் பொருத்திய இயந்திரம் முதன்முதலாக அழுத்தித் தரும் சில தட்டுகளே டெஸ்ட் பிரஸ்ஸிங், அதாவது சோதனைத் தட்டுகள். இரைச்சல் இருக்கிறதா, நடுத்துளை மையம் விலகி ஒலி அலைபாய்கிறதா, முள் எங்கேனும் தாவுகிறதா என்று கேட்டுப் பார்த்து ஒப்புதல் தருவதற்காக மட்டும் அவை செய்யப்படுவதால், நடுவில் ஒட்டிய தாள் பெரும்பாலும் வெறும் வெள்ளையாகவே இருக்கும். பாடலின் பெயரையும் தேதியையும் யாரோ ஒரு பணியாளர் பேனாவால் எழுதியிருந்தால் அதுவே பெரும் பேறு.

இதற்கும் முந்தைய கட்டத்தைச் சேர்ந்தது அசிடேட். அலுமினியத்தின் மேல் பூச்சுப் பூசிய அதே வகைத் தட்டில் நேரடியாக வெட்டப்படும் ஒற்றைப் பிரதியான இதைத் தயாரிப்பாளர் வீட்டுக்கு எடுத்துச் சென்று கேட்பார், அல்லது பாடலாசிரியர் தம் புதிய பாடலை நிறுவனத்துக்குக் காட்டக் கொண்டுபோவார். மென்மையான பூச்சு என்பதால் சில முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும். பூச்சில் நெகிழ்வுக்காகச் சேர்க்கப்படும் எண்ணெய் காலப்போக்கில் சிதைந்து, வெண்பொடி போன்ற கொழுப்பு அமிலமாக மேற்பரப்பில் கசிந்து படியும். பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் பூச்சு வெடித்து உரிந்துவிடக்கூடும். ஒருபோதும் வெளியிடப்படாத ஒரு பாடல் இத்தகைய ஒரே ஒரு தட்டில் மட்டும் உயிரோடிருக்குமானால், அதைச் சேகரிப்பவர் நாட்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

டெமோ என்ற சொல்லைச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் வேறொரு பொருளில் வழங்குகிறார்கள். பாடலாசிரியரின் மாதிரிப் பதிவைவிட, வானொலி அறிவிப்பாளர்களுக்கு வெளியீட்டுக்கு முன் அனுப்பப்பட்ட விளம்பரப் பிரதியையே அது குறிக்கும். அமெரிக்காவில் இவற்றின் மையத்தாள் வழக்கமான வண்ணத்துக்கு மாறாக வெள்ளையாக அமைந்து, விற்பனைக்கு அன்று என்ற அறிவிப்பைத் தாங்கியிருக்கும். ஒலிபரப்ப வேண்டிய பக்கத்தைக் காட்ட நட்சத்திரக் குறி இடுவதும் உண்டு. பிரிட்டிஷ் டெமோக்களில் பெரிய ஏ எழுத்தையும், சில வேளைகளில் வெளியீட்டு நாளையும் காணலாம். சிறு நிறுவனத்தின் பாடல் வானொலியில் எடுபடாமல் போனால் விற்பனைப் பிரதி மிகக் குறைவாகவே அச்சிடப்படும், அல்லது அச்சிடப்படவே மாட்டாது. அவ்வாறான பாடல்களுக்கு டெமோவே முதலும் கடைசியுமான பதிப்பு.

அமெரிக்காவில் தோற்றுப்போன இத்தட்டுகளுக்கு மறுவாழ்வு தந்தவை வடக்கு இங்கிலாந்தின் தொழில் நகரங்கள். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் தொடங்கி, 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கேசினோ வரையான நடன அரங்குகளில், ஆலைத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் இரவு முழுவதும் வேகமான சோல் பாடல்களுக்கு ஆடினார்கள். இசை எழுத்தாளர் டேவ் கோடின் இதற்கு நார்தர்ன் சோல் என்று பெயரிட்டார். பிற அரங்குகளில் ஒலிக்காத பாடலைத் தரும் டிஜே-வுக்கே அங்கு மதிப்பு என்பதால், அவர்கள் அமெரிக்கக் கிடங்குகள் வரை சென்று தேடினார்கள். கிடைத்ததை மற்றவர் அறியாதபடி மையத்தாளின் மேல் வேறு தாள் ஒட்டி, பொய்ப்பெயர் சூட்டி ஒலிக்கச் செய்தார்கள். தேடலுக்கு ஊக்கம் தந்த இவ்வழக்கம் வரலாற்றைக் குழப்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்மையான பாடகரின் பெயர் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்க அதுவே காரணமாயிற்று.

இத்தேடலில் ஷ்ரைன் என்ற சிறு நிறுவனத்துக்குத் தனி இடம் உண்டு. பெரிய சோல் இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் நிறுவனர் பெர்ரி கோர்டியின் முன்னாள் மனைவியும் அந்நிறுவனத்தின் தொடக்க நாட்களில் அவருக்கு உறுதுணையாக இருந்தவருமான ரேனோமா கோர்டி, எடி சிங்கிள்டனுடன் சேர்ந்து 1960களின் நடுவில் வாஷிங்டன் நகரில் இதைத் தொடங்கினார். எடி டே அண்ட் த ஃபோர் பார்ஸ், ஜே.டி. பிரையண்ட், ஷெர்லி எட்வர்ட்ஸ், கெய்ரோஸ் முதலியோரின் பாடல்களுடன் ஏறத்தாழ இருபது ஒற்றைத் தட்டுகள் மட்டுமே வெளிவந்த நிலையில், 1967 அளவில் நிறுவனம் மூடப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வாஷிங்டனில் மூண்ட கலவரத் தீயில், விற்காமல் கிடந்த கையிருப்பு எரிந்துபோனதாக நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இத்தட்டுகள் எண்ணிக்கையில் மிகக் குறைவாகவே காணக்கிடைக்கின்றன என்பதில் மட்டும் ஐயமில்லை. சோல் உலகின் மிக அரிய நிறுவனம் என்று ஷ்ரைனைச் சேகரிப்பாளர்கள் அழைப்பதும் இதனாலேயே.

டெட்ராய்ட் நகரின் கோல்டன் வேர்ல்ட், ரிக்-டிக் ஆகியவற்றை ஷ்ரைனோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு தெளிவாகும். அவையும் சிறு நிறுவனங்களே எனினும், முன்னதை 1966-லும் பின்னதை 1968-லும் மோட்டவுன் வாங்கிக்கொண்டதால் அவை ஒரு பெரிய காப்பகத்தின் நிழலில் ஒதுங்கின. ஷ்ரைனுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. எந்தப் பாடல் எந்தக் குழுவினுடையது, எது அச்சேறியது, எது சோதனையோடு நின்றது என்பவற்றையெல்லாம், கிடைத்த தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டும், உயிரோடிருந்த கலைஞர்களைத் தேடிச் சென்று கேட்டும் ஆர்வலர்கள்தான் தொகுக்க வேண்டியிருந்தது. கெய்ரோஸ் குழுவில் பாடிய கெனி லூயிஸ், 1976-இல் டவாரெஸ் குழு பாடிப் புகழ்பெற்ற ‘ஹெவன் மஸ்ட் பி மிஸ்ஸிங் அன் ஏஞ்சல்’ பாடலின் இரு ஆசிரியர்களில் ஒருவராகப் பின்னாளில் உயர்ந்தார். தோல்வியுற்றதாகக் கருதப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தில் எத்தகைய திறமை குடிகொண்டிருந்தது என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று.

விலை பற்றிய பேச்சில் தவறாமல் வருவது ஃபிராங்க் வில்சன் பாடிய ‘டூ ஐ லவ் யூ’. சோல் என்றே பெயரிடப்பட்ட மோட்டவுனின் துணை நிறுவனத்துக்காக 1965-இல் அணியமான இத்தட்டு வெளியிடப்படாமலேயே கைவிடப்பட்டது. டெமோக்கள் ஏறத்தாழ முழுவதும் அழிக்கப்பட, தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. வில்சன் பாடகராக அன்றி, மோட்டவுனின் தயாரிப்பாளராகவும் பாடலாசிரியராகவும் புகழ்பெற்றார்.

இத்தகைய விலை போலிகளையும் வரவழைத்தது. எனவே சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது மையத்தாளை அன்று, ஒலித்தடம் முடிந்து தாள் தொடங்குவதற்கு இடைப்பட்ட வெற்று வளையத்தை. அங்கு கையால் கீறியோ இயந்திரத்தால் பதித்தோ இருக்கும் மேட்ரிக்ஸ் எண், எந்த லாக்கரிலிருந்து அத்தட்டு பிறந்தது என்பதைச் சொல்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மோனார்க் ஆலை சிறு முக்கோணக் குறியோடு தன் வரிசை எண்ணையும் இடுவது வழக்கமாதலால், அச்சான காலத்தைக்கூட ஏறத்தாழக் கணிக்கலாம். எமிடிஸ்க் என்று அச்சிட்ட அசிடேட்டில் அமெரிக்க சோல் பாடல் இருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. எமிடிஸ்க் பிரிட்டனின் ஈ.எம்.ஐ. நிறுவனத் தயாரிப்பு; 1970களில் டிஜே-க்கள் இரவல் வாங்கிய அரிய தட்டுகளைப் பிரதி எடுக்க அதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள் என்பதால், அது மூலமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

போலியை இனங்காணும் இந்நுட்ப அறிவு பணத்தைக் காப்பதற்காக வளர்ந்ததே எனினும், அதன் பெரும்பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே பாடலின் சோதனைத் தட்டிலும் விற்பனைத் தட்டிலும் உள்ள எண்கள் மாறுபட்டால், இடையில் பாடல் மீண்டும் வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அவ்விரண்டையும் ஒலிக்கச் செய்து ஒப்பிடும்போது, நீக்கப்பட்ட குரலோ, சுருக்கப்பட்ட முடிவோ, மாற்றப்பட்ட ஒலிச்சேர்க்கையோ வெளிப்படலாம். 1982-இல் தொடங்கிய கென்ட் போன்ற மறுவெளியீட்டு நிறுவனங்கள், பழைய நிறுவனங்களின் நாடாக்களைத் தேடி எடுத்து, சோல் பாடல்களை உரிய பெயர்களோடும் விரிவான குறிப்புகளோடும் வெளியிட்டு வருகின்றன. நாடா அழிந்துபோன இடத்தில் அசிடேட்டோ சோதனைத் தட்டோ மட்டுமே மூலம் ஆகிறது. அதை வைத்திருப்பவர் ஒலிப்பிரதி எடுக்க இசைந்தால் அப்பாடல் உலகுக்குக் கிடைக்கிறது. தம்மிடம் மட்டுமே இருப்பதால்தான் விலை என்று அஞ்சி மறுத்தால், பூச்சு உரியும் நாளில் அவரிடமும் அது இருக்காது.