மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில்

கல்முனையில் உயர்தரம் படிக்கும் பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் முதலில் கேட்பது, "மகன், என்ன ஸ்ட்ரீம்?" பயோ என்றால், "அப்ப டொக்டராத்தான் வரணும்." மெத்ஸ் என்றால் எஞ்சினியர். கொமர்ஸ், ஆர்ட்ஸ் என்றால் சற்றுத் தயங்கி, "பரவால்ல, கம்பஸ் கிடைச்சாச் சரி" என்பார்கள். அன்போடு சொல்வதுதான். ஆனால் ஊரே சேர்ந்து வைத்திருக்கும் ஓர் ஆசை அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது. நாளை மாலை எதை எடுத்துப் படிப்பது என்பதை அந்த ஆசை சொல்லித் தராது.

அந்த ஆசையின் ஒரு பகுதி பிள்ளையின் கையிலும் இல்லை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. நாம் எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படி வருவதன் சராசரிதான் பெறுபேற்றில் நிற்கும். ஓர் உதாரணம்: சராசரி 40, நியம விலகல் 15 என்றிருக்கும் வினாத்தாளில் 70 எடுத்தவருக்கு இசட் 2. சராசரி 60, விலகல் 10 என்றிருந்தால் அதே 70-க்கு இசட் 1தான். இதற்கு மேல் ஒதுக்கீடு இருக்கிறது. பொதுவாக 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில் போகின்றன. மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கல்முனை இருக்கும் அம்பாறையும் அவற்றில் ஒன்று. சாய்ந்தமருதுப் பிள்ளையின் இடம் அதே மாவட்டத்தில் சம்மாந்துறையிலும் பொத்துவிலிலும் உகணையிலும் இருக்கும் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது. மூன்று 'ஏ' எடுத்தும் மருத்துவ பீடம் கிடைக்காமல் போவது இதனால்தான். அதைத் தன் தோல்வியாக எண்ணி ஒரு பிள்ளை அறைக்குள் முடங்கிவிடும்போது, இந்தக் கணக்கை யாராவது முன்பே உட்காரவைத்து விளக்கியிருக்கக் கூடாதா என்று மனம் கிடந்து தவிக்கிறது.

பிள்ளையின் கையில் இருப்பது வேறு. இந்த வாரம் இரசாயனவியலில் எந்த அலகு, எத்தனை கடந்தகால வினாத்தாள், அதில் பிழைத்த கேள்விகளைத் திரும்பச் செய்தாயிற்றா என்பவைதான் அவை. "ஏலுமான மட்டும் படிக்கன்" என்ற பதில் நம் வீடுகளில் நல்ல பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. எட்வின் லொக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-இல் எழுதிய ஆய்வு முதல், கேரி லேதமுடன் சேர்ந்து 1990-இல் எழுதிய நூல் வரை திரும்பத் திரும்பக் காட்டியது இதற்கு நேர்மாறானது. இயன்றதைச் செய் என்று விடப்பட்டவர்களைவிட, கடினமான, அளவு தெரிந்த இலக்கு பெற்றவர்களே கூடுதலாகச் செய்தார்கள். எங்கே நிற்கிறோம் என்று இடையிடையே தெரியவும் வேண்டும். லேதம் பின்னர் இன்னொன்றையும் கண்டார். விஷயமே புதிதாக இருக்கும்போது புள்ளியை இலக்காக வைப்பதைவிட, ஒரு முறையைக் கற்றுக்கொள்வதை இலக்காக வைப்பது நல்லது. தரம் 12-இன் முதல் தவணையிலேயே ரியூஷன் சோதனைப் புள்ளிகளைக் கொண்டு பிள்ளையை அளக்கும் வாப்பாமாருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஜெர்மனிய உளவியலாளர் பீட்டர் கொல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரை இன்னும் எளிய ஒன்றைச் சொல்கிறது. இன்ன நேரம் வந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்பே முடிவு செய்துகொண்டவர்கள், வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள். கல்முனைக்குடிக்கும் மருதமுனைக்கும் இது புதிதல்ல. பாங்கொலியால் ஐந்து வேளையாகப் பிரித்த நாள் நம்முடையது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், சூரியன் மறையும் மஃரிப் நேரம் ஆண்டு முழுவதும் அரைமணி, முக்கால்மணிக்கு மேல் நகர்வதில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. "மஃரிப் தொழுததும் ஒரு பௌதிகவியல் கட்டுரை வினா, இஷாவுக்கு முன் திருத்தி முடிப்பேன்" என்பது ஒரு முழு இலக்கு. மணிக்கூடு கூடத் தேவையில்லை. விளக்கேற்றும் நேரத்தை வைத்து இதையே காரைதீவுப் பிள்ளையும் செய்யலாம்.

நோன்பு மாதத்துக்குக் கணக்கு வேறு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போது விடுமுறை. இரவு தராவீஹ், விடியுமுன் சஹர். வழக்கமான நேரஅட்டவணையை அப்படியே வைத்திருக்கும் பிள்ளை நாலாம் நோன்பிலேயே அதைக் கைவிட்டுவிடும். சஹருக்குப் பின் ஒன்று, அஸருக்கு முன் ஒன்று என்று சுருக்கி வைத்த பிள்ளை பெருநாள் வரை போய்ச் சேரும். தடை வருமென்று தெரிந்தால் அதையும் திட்டத்துக்குள் எழுதிவிட வேண்டும். வெற்றியை மட்டும் கற்பனை செய்து மகிழ்பவர்களின் முயற்சி தளர்ந்துவிடுவதை உளவியலாளர் கப்ரியேல் ஒட்டிங்கன் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்குத் தடைகள் கைபேசி, சொந்தக்காரர் கல்யாண வீடு, வாப்பா கட்டாரில் இருப்பதால் கடைக்குப் போக வேண்டிய பொறுப்பு என்று வரும்.

இப்படிப் படிப்படியாக முன்னேறியதற்கு இந்தக் கரையிலேயே ஒரு பெரிய வாழ்க்கை உதாரணமாக இருக்கிறது. 1892-இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்து, 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறினார். பிறகு ஆசிரியரானார். ஆசிரியப் பயிற்சி, அதன்பின் 1916-இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே லண்டன் பி.எஸ்சி.க்குப் படித்து 1920-இல் பட்டதாரியானார். அப்போது வயது 28. ஒவ்வொரு பரீட்சையும் அடுத்த பரீட்சைக்குக் காலூன்ற இடம் தந்தது. இடையில் சம்பளத்துக்கான வேலையும் நடந்தது. பட்டம் கிடைத்த ஆண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானவர், 1922-இல் அதை விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். விபுலானந்தர் என்று நாம் அறிவது அதன்பிறகுதான். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். இயற்பியலும் தமிழும் சேர்ந்து பயன்பட்ட 'யாழ் நூல்' 1947-இல் வெளிவந்தது. இருபது வயதில் அவர் வைத்திருந்த இலக்குகள் எதுவும் இந்த முடிவை நோக்கியவை அல்ல. ஆனாலும் ஒன்றுகூட வீணாகவில்லை. பயோவிலிருந்து கொமர்ஸுக்கு மாற நினைக்கும் பிள்ளையை "கெட்டுப்போனது" என்று பேசும் வீடுகளுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும்.

பிள்ளையின் மன உறுதியை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு. 1942-இல் பர்மா அரிசி நின்றுபோன போர்க்காலத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்க உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். வயலைப் பார்க்க வந்தவரின் கண்ணில், கெட்டித்தனம் இருந்தும் மேலே படிக்க வழியில்லாத பிள்ளைகளும் பட்டார்கள். 1945-இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். 1948-இல் சிவில் சேவையையே விட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபரானார். அவர் பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்லி நிற்கவில்லை, கட்டணத்துக்கு வழி தேடினார். அரை நூற்றாண்டு கழித்து, கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியில் 1995-இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று பிறந்து, அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. போரால் மட்டக்களப்பிலிருந்த பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் நின்ற மாணவர்களுக்காகத் தொடங்கியது அது. இன்று ஒலுவில் வளாகம் கல்முனையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

அங்கே படிக்கும் நானாமாரும் தாத்தாமாரும் விடுமுறையில் ஊருக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வாரம் ஒருமுறை தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் வினாத்தாளைத் திருத்திக் கொடுத்தால், எங்கே நிற்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். வீட்டிலே உம்மா செய்யக்கூடியது, மஃரிபுக்குப் பின் அந்த ஒரு மணி நேரம் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாமல் இருப்பது. வாப்பா செய்ய வேண்டிய வேலை பரீட்சைக்கு முந்தியே இருக்கிறது. சம்மாந்துறை உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் டிப்ளோமாக்கள், அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரி, ஒலுவிலின் வெளிவாரிப் பட்டங்கள் ஆகிய வழிகளுக்கு என்ன தகுதி, எப்போது விண்ணப்பம் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைப்பதுதான் அது. பெறுபேறு வந்த பிறகு தேடும்போது பாதித் திகதி கடந்திருக்கும்.