பீர் குவளைக்கும் பெர்மிட்: மும்பையில் மறையாத மதுவிலக்கு

புது தில்லி: மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழ் இளைஞர்கள் வார இறுதி மாலைகளில் நண்பர்களுடன் கூடும் இடங்களின் பட்டியலில் "கிராஃப்ட் பீர்" கூடங்களும் சேர்ந்துவிட்டன. பெரிய ஆலைகளிலிருந்து புட்டியில் அடைத்து வரும் பீர் அல்ல இது. சிறு ஆலைகளில் குறைந்த அளவில் காய்ச்சி, குழாய் வழியாகக் குவளையில் ஊற்றித் தரப்படுவது. குளிரூட்டப்பட்ட கூடம், மெல்லிய இசை, மரப்பலகையில் வரிசையாக வைக்கப்பட்ட சிறு குவளைகள் என விரியும் இக்காட்சிக்குச் சற்றும் பொருந்தாத ஒன்று அங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதுதான் மதுவிலக்குச் சட்டம்.

மகாராஷ்டிரத்தில் மதுவிலக்கா என வியப்போர் உண்டு. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்றளவும் ரத்து செய்யப்படவில்லை. மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் எனப் பெயர் மட்டுமே மாறியுள்ளது. இதன்படி மது அருந்துவோர் ஒவ்வொருவரும் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். பீர் அருந்த 21 வயதும், கடுமையான மது வகைகளுக்கு 25 வயதும் நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டு மது வகைகளுக்கான பெர்மிட்டுக்கு ஒரு நாளைக்கு ரூ.5, ஓராண்டுக்கு ரூ.100, ஆயுள் முழுமைக்கும் ரூ.1,000 என்ற அளவிலேயே நெடுங்காலமாகக் கட்டணம் இருந்து வந்துள்ளது. உடல்நலத்தைப் பேண மது தேவைப்படுவோருக்கு என்பதே இத்தகைய பெர்மிட்டுக்குச் சட்டம் கூறும் காரணம். மும்பைத் தெருக்களில் காணப்படும் "பெர்மிட் ரூம்" என்ற பெயர்ப்பலகையின் பொருளும் இதுவே.

மில் வளாகத்தில் பீர்

மகாராஷ்டிரத்தில் சிறு பீர் ஆலைகளின் வரலாறு புணேயில் தொடங்குகிறது. 2009-இல் அங்கு தொடங்கப்பட்ட "டூலாலி" இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. மும்பைக்கு இக்கலாசாரம் வந்து சேர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. லோயர் பரேலின் மதுரதாஸ் மில் வளாகத்தில் "பார்க்கிங் டீர்" 2013-இல் பீர் காய்ச்சத் தொடங்கியது. மாநகரில் உணவகத்துடன் இணைந்த முதல் பீர் ஆலை இதுவே. 2014-இல் "கேட்வே", "ஒயிட் அவுல்" ஆகியவை வந்தன. அதன் பின்னர் அந்தேரி, பாந்த்ரா, கொலாபா எனப் பல இடங்களுக்கும் இது பரவியது.

மாட்டுங்கா ரோடு நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் மூன்றாவது நிலையம் லோயர் பரேல். 1982-இல் டத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பஞ்சாலைப் பகுதி அது. அப்போராட்டத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக நலிந்து மூடப்பட்டன. ஆலைச் சங்கு ஒலித்த வளாகங்களில் இன்று அலுவலகங்களும் உணவகங்களும் பீர்க் கூடங்களும் இயங்குகின்றன.

பீருக்கு மூலப்பொருள்கள் நான்கு: முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி மாவாக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் முதல் படி புதிதல்ல. தானியம் முளைவிடும்போது உண்டாகும் நொதிகள், வெந்நீரில் ஊறும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அச்சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கோதுமை பீரில் எழும் வாழைப்பழ மணத்துக்கும் கிராம்பு மணத்துக்கும் ஈஸ்ட்டே காரணம். பழமோ கிராம்போ சேர்க்கப்படுவதில்லை. "ஸ்டவுட்" எனப்படும் கருநிற பீரில் காபியை ஒத்த கசப்பு வருவது வறுத்த பார்லியால். இலேசானதில் தொடங்கி, கருமையும் கசப்பும் மிக்கதில் முடிப்பது சுவை பார்ப்போரின் வழக்கம்.

இவற்றில் பலவற்றில் ஆல்கஹால் அளவு 5 சதவீதத்தையொட்டியே உள்ளது. கடைகளில் விற்பனையாகும் "ஸ்ட்ராங்" பீரில் இது 8 சதவீதம் வரை இருக்கும். போதையை விடச் சுவையே முதன்மை என்பது இக்கூடங்களின் வாதம். எனினும் சட்டத்தின் பார்வையில் இவ்வேறுபாடு எதுவும் இல்லை. பெர்மிட் இல்லாமல் எதைக் குடித்தாலும் குற்றமே.

தாராவியின் பழைய கதை

பம்பாய் மாகாணத்தில் முழு மதுவிலக்கு 1950 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் தீவிர ஆதரவாளர் மொரார்ஜி தேசாய். சட்டத்தை எதிர்த்து எஃப்.என்.பால்சாரா என்பவர் நீதிமன்றம் சென்றார். விஸ்கி, பிராந்தி, பீர் ஆகியவற்றுடன் ஓடிகொலோனையும் வைத்திருக்கத் தமக்கு உரிமை உண்டு என்பது அவரது கோரிக்கை. 1951 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆல்கஹால் கலந்த மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் தொடர்பான பிரிவுகளை ரத்து செய்து, சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது.

நீதிமன்றத்தில் வென்ற சட்டம் தெருவில் தோற்றது. தாராவி, ஆன்டாப் ஹில், கோலிவாடா பகுதிகளின் சதுப்பு நிலங்களில் கள்ளச்சாராய அடுப்புகள் எரிந்தன. தோல் பதனிடும் தொழிலை நம்பியும் கூலி வேலை தேடியும் வந்த தமிழர்கள் நிறைந்த பகுதி தாராவி. விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் கூலியாக வாழ்வைத் தொடங்கிய வரதராஜ முதலியார், கள்ளச்சாராயத்தின் வழியாகவே நிழல் அரசராக உயர்ந்தார். மாட்டுங்காவில் அவர் நடத்திய விநாயகர் சதுர்த்தி விழா பம்பாய் முழுவதும் பேசப்பட்டது. 1980-களில் காவல்துறையின் நெருக்குதலால் சென்னைக்குச் சென்ற அவர், 1988-இல் காலமானார். அவரது வாழ்க்கையின் சாயலில் 1987-இல் வெளிவந்த "நாயகன்" திரைப்படம் தமிழர்கள் அனைவரும் அறிந்தது. அந்த நாயகனை உருவாக்கியதில் மதுவிலக்குச் சட்டத்துக்கும் பங்குண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

1960-களில் மகாராஷ்டிர அரசு மதுவிலக்கைப் படிப்படியாகத் தளர்த்தியது. 1973-இல் நாட்டு மதுவுக்கெனத் தனி விதிகள் வந்தன. சட்டத்தை நீக்காமல், பெர்மிட் என்னும் வாயிலை மட்டும் அகலத் திறந்துவிட்டார்கள். 1960 மே 1-இல் பம்பாய் மாநிலத்திலிருந்து பிரிந்த குஜராத்தோ அதே சட்டத்தின்கீழ் மதுவிலக்கைத் தொடர்கிறது. ஒரே சட்டம், இரு மாநிலங்கள், இருவேறு நடைமுறைகள்.

அரசியல் நிர்ணய சபையில் அரிசி பீர்

மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் எனக் கூறும் அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு குறித்து அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 24-இல் விவாதித்தது. அப்போது எதிர்க்குரல் எழுப்பியவர்களுள் ஒருவர் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங். ஆதிவாசிகளின் சடங்குகளில் அரிசி பீருக்கு உள்ள இடத்தை எடுத்துரைத்த அவர், நாள் முழுவதும் மழையிலும் சேற்றிலும் நின்று நாற்று நடும் சந்தால் மக்களை அந்தப் பானமே தாங்குகிறது என வாதிட்டார். தானியத்தைப் புளிக்க வைத்துச் சிறு அளவில் காய்ச்சும் பானம் என்ற வகையில், அரிசி பீரும் இன்றைய கிராஃப்ட் பீரும் ஒரே குலம். ஒன்றுக்கு உரிமமும் விளம்பரமும் கிடைக்கின்றன. மற்றொன்றைக் காய்ச்சும் குடிசைக்குக் காவலர் வருகிறார்.

சட்டத்தின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதே இன்றைய கேள்வி. பீர்க் கூடத்தில் பெர்மிட் இன்றி அமர்ந்திருப்பவருக்கு அது பெரும்பாலும் நினைவுக்கு வராத ஒரு காகிதம். கூலித் தொழிலாளிக்கோ உயிர்ப் பிரச்னை. 2004 டிசம்பரில் மும்பை விக்ரோலியில் கள்ளச்சாராயத்துக்கு 87 பேர் பலியானார்கள். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டும் உரிமம் பெற்ற மதுக்கடைகள் நிறைந்த மாநகரில் நிகழ்ந்தவை. முழு மதுவிலக்குள்ள குஜராத்தில் 2022 ஜூலையில் 40-க்கும் மேற்பட்டோரும், அரசே மது விற்கும் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். தடை, பெர்மிட், அரசு விற்பனை ஆகிய மூன்று முறைகளிலும் மெத்தனால் கலந்த சாராயம் தேடிச் சென்றது ஏழைகளையே.

தில்லியால் ஆவது என்ன?

மது தொடர்பான அதிகாரம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ளது. 47-ஆவது பிரிவு வழிகாட்டும் நெறியே தவிர, நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்தக் கூடியது அல்ல. 2016-இல் சரக்கு, சேவை வரிக்காக அரசியல் சட்டம் திருத்தப்பட்டபோதும் மனிதர் அருந்தும் மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹால் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் பிடி இறுகியதே தவிர, தளரவில்லை.

மும்பை பார்களைத் தில்லி அசைத்த அரிய நிகழ்வு ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டிலிருந்து வந்த வழக்கு. பாமக வழக்கறிஞர் கே.பாலு தொடர்புடைய அவ்வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2017 ஏப்ரல் முதல் மும்பையின் நெடுஞ்சாலையோர பார்களும் முடங்கின. நகராட்சி எல்லைகளுக்குள் உள்ள கடைகளுக்கு இது தடையாகாது என அதே ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் விளக்கிய பின்னரே அவை மூச்சுவிட்டன.

மாநிலங்கள் இந்த அதிகாரத்தை விட்டுத்தராததன் காரணம் வருவாய். 2025 ஜூனில் மகாராஷ்டிர அமைச்சரவை, வெளிநாட்டு வகை மதுவுக்கான கலால் வரியை உற்பத்திச் செலவின் 3 மடங்கிலிருந்து 4.5 மடங்காக உயர்த்தியது. நாட்டு மதுவின் வரியும் உயர்ந்தது. பீர் இந்த உயர்வுக்கு ஆளாகவில்லை. தொழிலாளி குடிக்கும் நாட்டு மது விலை ஏற ஏற, அதைவிட மலிவான கள்ளச்சாராயத்தின் ஈர்ப்பும் ஏறும் என்பதை மால்வணியின் அனுபவம் அறிந்த அரசு எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பர்களுடன் ஒரு குவளை பீர் அருந்துவது தவறா என்பது ஒழுக்கம் பற்றிய விவாதம். அதில் இரு தரப்புக்கும் நியாயங்கள் உண்டு. ஆனால் எவரும் பின்பற்றாத பெர்மிட் விதியைச் சட்டப் புத்தகத்தில் வைத்திருப்பதற்கு எத்தரப்பிலும் நியாயம் இல்லை. அத்தகைய விதி, அதிகாரி விரும்பும் நாளில் விரும்பும் நபர் மீது வீசப்படும் வலையாகவே பயன்படும். பெர்மிட் தேவையெனில் லோயர் பரேலிலும் தாராவியிலும் ஒரேபோல் கேட்கப்பட வேண்டும். தேவையில்லையெனில் விதியை நீக்கிவிட்டு, அதற்குச் செலவாகும் ஆள்பலத்தை மெத்தனால் எங்கிருந்து குடிசைகளுக்குள் வருகிறது எனக் கண்டறிவதில் ஈடுபடுத்த வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மகாராஷ்டிர சட்டப்பேரவைக்கே உரியது.